டேஷ்போர்டில் வேல் வைக்கலாமா? - அப்பாவின் முதல் காரும் ஜி.பி. ரோடும்

அப்பாவிடம் ஒரு லிஸ்ட் இருந்தது. பெட்ரோல் பங்க் பில்லின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியது. சீட் கவர் (மெரூன்), 7டி மேட், ஸ்டீயரிங் கவர், டேஷ்போர்டு கார்பெட், கூலிங் ஃபிலிம், நீல லைட், தலையாட்டும் நாய், சென்ட் பாட்டில், வேல். கடைசியில் இருந்த வேலுக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அப்பா 27 வருடங்களாக கார் ஓட்டுகிறார். அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை. டிராவல்ஸ் வண்டி, ஆக்டிங் டிரைவர் வேலை, அப்புறம் ஒரே வீட்டில் 11 வருடம் என்று அம்பாசடரில் தொடங்கி ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி வரை எல்லாம் ஓட்டிவிட்டார். இந்த வருடம்தான் சொந்தமாக ஒரு சின்ன ஹேட்ச்பேக். ஆர்.சி அவர் பெயரில், இ.எம்.ஐ என் அக்கவுன்ட்டில். "அப்ப லிஸ்ட்ல கை வெக்க உனக்கும் உரிமை இருக்கு" என்று அம்மா சொன்னார். எனக்கு ஆதரவாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்பது இன்னும் தெரியவில்லை.

நாங்கள் வாங்கியது பேஸ் மாடல். பேஸ் மாடல் வாங்கிய வீடுகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ஷோரூமில் டாப் மாடலைக் காட்டுவார்கள். அதன் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டுவிட்டு, பேஸ் மாடலை புக் செய்துவிட்டு வருவோம். வெளியே வந்ததும் யாராவது ஒரு சொந்தக்காரர், "அதுக்கென்ன, ஒரு முப்பதாயிரம் போட்டா டாப் மாடல் மாதிரியே பண்ணிடலாம்" என்பார். கார் அலங்காரக் கடைகள் பிழைப்பதே அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

எனக்குப் பிடித்த கார் வேறு மாதிரி. உள்ளே எதுவுமே இருக்கக் கூடாது. டேஷ்போர்டு வெறுமையாக, சீட் கம்பெனி கொடுத்தபடி, கண்ணாடியில் எதுவும் தொங்காமல். இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார்.

"ஒண்ணுமே இல்லன்னா அது ஷோரூம் காரு பாப்பா. நம்ம காரு இல்ல."

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. 27 வருடம் அடுத்தவர்களின் டேஷ்போர்டில் அடுத்தவர்களின் பிள்ளையாரையும் மாதாவையும் 786-ஐயும் தினமும் காலையில் துடைத்தவர் அவர். ஏசி எத்தனையில் இருக்க வேண்டும், எந்த எஃப்.எம் ஓட வேண்டும் என்பதைக்கூட பின் சீட்தான் முடிவு செய்யும். அவருடைய ருசி என்ன என்று யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. அவருக்கு மெரூன் பிடிக்கும் என்பதே அந்த லிஸ்ட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

அம்பாசடர் காலத்துக் கதைகளை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். டேஷ்போர்டில் திருகிய குட்டி ஃபேன், சீட்டில் வெள்ளை டர்க்கி டவல், டிரைவர் சீட்டில் மரமணி கோத்த விரிப்பு, பின்கண்ணாடிக்குத் திரைச்சீலை. அந்த வண்டிக்குள் என்ன வேண்டுமானாலும் ஒட்டலாம், தொங்கவிடலாம், ஆணி அடிக்கலாம். உள்ளே மறைந்திருக்கும் எதுவும் கிடையாது. இப்போதைய காரில் அப்படி இல்லை. நாம் அழகுபடுத்த நினைக்கும் இடங்களில் எல்லாம் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே எதையோ மடித்து வைத்திருக்கிறார்கள்.

டிரைவருக்கு ஒரு ஏர்பேக் கட்டாயம் என்பது 2019 ஜூலையில் வந்தது. பக்கத்து சீட்டுக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்திலிருந்து. இன்று பல கம்பெனிகள் பேஸ் மாடலிலேயே 6 ஏர்பேக் தருகின்றன. எங்கள் காரிலும் 6. ஸ்டீயரிங்குக்குள் ஒன்று, பக்கத்து டேஷ்போர்டுக்குள் ஒன்று, முன் சீட்டுகளின் கதவுப் பக்க ஓரத்தில் ஒவ்வொன்று, மேலே கதவுகளின் ஓரமாகத் திரைபோல விழ இரண்டு. அப்பாவின் லிஸ்ட்டையும் இந்த இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சீட் கவர், ஸ்டீயரிங் கவர், டேஷ்போர்டு கார்பெட், வேல் என நாலு பொருள் நேராக மோதின.

கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் தடியாக இருக்கும் அந்தப் புத்தகத்தைப் பெரும்பாலான வீடுகளில் பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்துவிடுவோம். ஏர்பேக் மூடிமேல் எதையும் ஒட்டாதீர்கள், பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் சீட்டில் அதற்கென்று தயாரிக்காத கவரைப் போடாதீர்கள் என்று அதில் தெளிவாகவே இருந்தது. அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்லுவான். அவன்கிட்டயே கவர் வாங்கணும்ல" என்றார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதால் நான் வாதாடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஜி.பி. ரோட்டுக்குக் கிளம்பினோம்.

ஒரு தையலின் விலை

சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மவுன்ட் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தெருவுக்குள் கார் மூக்கை நீட்டினாலே, "சார், சீட் கவரா? ஃபிலிமா? ஸ்டீரியோவா?" என்று பையன்கள் கூடவே ஓடி வருவார்கள். கடைக்கு முன்னால் தெருவிலேயே வேலை நடக்கும். ஒரு காரின் கதவு கழற்றப்பட்டிருக்கும், அடுத்த காரின் நாலு சீட்டும் நடைபாதையில் உட்கார்ந்திருக்கும். அப்பாவுக்கு அங்கே முகம் தெரிந்த ஆட்கள் உண்டு. முதலாளிகளின் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தி, மணிக்கணக்கில் டீ குடித்துக் காத்திருந்த தெரு அது. "அண்ணே, இது யாரு வண்டி?" என்று ஒருவர் கேட்டபோது, அப்பா சாவியைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நம்மளுதுதான்" என்றார். அவர் இதற்காகத்தான் வந்தார், சீட் கவருக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது.

முதல் கடையில் மெரூன் கலரில் ஆர்ட் லெதர் கவர் காட்டினார்கள். வைரம்போலக் குறுக்குத் தையல், கழுத்துக்குத் தலையணை. 8,500 ரூபாய் சொன்னார்கள். "இதுல சைடு ஏர்பேக் வெளிய வருமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் வரும் மேடம். ஏர்பேக் பவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, கிழிச்சிட்டு வந்துடும்."

பாதி உண்மை எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் பதில் நல்ல உதாரணம். கிழித்துக்கொண்டு வரலாம். ஆனால் எப்போது, எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. முன்னால் மோதும்போது நமக்கும் இடிக்கும் பொருளுக்கும் நடுவில் பானெட் இருக்கிறது, இன்ஜின் இருக்கிறது. பக்கவாட்டில் மோதினால் கதவுத் தகடு மட்டும்தான். அதனால் பக்கவாட்டு ஏர்பேக் முன் ஏர்பேக்கைவிடவும் வேகமாக விரிந்தாக வேண்டும். நூறில் ஒரு பங்கு நொடி, இரண்டு பங்கு நொடி என்ற கணக்கு அது. கெட்டியான லெதரும் இரட்டைத் தையலும் அதைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தினாலோ, முன்பக்கமாகத் திருப்பிவிட்டாலோ, விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவில் வர வேண்டிய பை வர வேண்டிய நேரத்தில் வராது.

சரியான கவரில் என்ன வித்தியாசம் என்பதை மூன்றாவது கடையில் ஒரு வயதான தையல்காரர் காட்டினார். முன் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில், கம்பெனி 'ஏர்பேக்' என்று சின்னதாக ஒரு துணிப்பட்டி வைத்துத் தைத்திருக்கும் இடத்துக்கு நேராக, கவரில் ஒரு தையல் மட்டும் வேறு நூலில் இருக்கும். அழுத்தம் வந்தால் விட்டுக்கொடுக்கிற நூல். மற்ற இடங்களில் பிரியவே கூடாது, அந்த ஒரு சாணில் மட்டும் பிரிந்தே ஆக வேண்டும். சில கவர்களில் அந்த இடத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருப்பார்கள். டிரைவர் சீட் கவரையும் பக்கத்து சீட் கவரையும் இடம் மாற்றிப் போட்டால் எல்லாம் வீண். உள்ளூரில் தைத்துத் தரும் கவரில் யாரும் சோதனை செய்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார். "கம்பெனி அக்சஸரீஸ்ல இருக்கறத வாங்கிக்கம்மா, இல்லன்னா திறந்து விட்ட மாடல் வாங்கு. நான் தெச்சது பிரியும்னு நான் எப்படி சத்தியம் பண்றது?" தன் சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்லும் ஒரு வியாபாரியை அன்றுதான் பார்த்தேன்.

லெதரா துணியா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மே மாத மதியம் வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் சூடேறிய ஆர்ட் லெதரில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு அது பணக்காரக் களை தருமா என்று பேசலாம். துணிதான் என்றேன். மெரூன்தான் என்றார் அப்பா. கடைசியில் ஓரம் திறந்த மாடலில், மெரூன் துணியில் வாங்கினோம். கறுப்பு டேஷ்போர்டுக்கு மெரூன் சீட் அவ்வளவு மோசமாக இல்லை. கொஞ்சம் கல்யாண மண்டப நாற்காலி மாதிரி இருக்கிறது. இருக்கட்டும்.

பின் சீட்டில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். கவரை மாட்டிய பையன், நடுவில் இருக்கும் பெல்ட் பக்கிள்கள் மூன்றையும் கவருக்கு அடியிலேயே அமுக்கிவிட்டுப் போனான். பார்க்க வழவழவென்று சோபா மாதிரி இருந்தது. "தம்பி, பக்கிள வெளிய எடுத்துக் கொடுங்க" என்றதற்கு, "பின்னாடி யாருக்கா பெல்ட் போடுறாங்க?" என்றான். அவன் சொன்னதும் தவறில்லை, நம் ஊரில் அதுதான் வழக்கம். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின் இருக்கையில் இருந்த அவரும் இன்னொருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தார்கள். முன்னால் பெல்ட் போட்டிருந்த இருவரும் பிழைத்தார்கள். அதன்பின் ஒரு மாதம் நாடு முழுக்க பின் சீட் பெல்ட்டைப் பற்றித்தான் பேச்சு. அப்புறம் எல்லோரும் சீட் கவர் போட்டு மூடிவிட்டோம். பெல்ட் போடாவிட்டால் முன்னால் என்றாலும் பின்னால் என்றாலும் அபராதம் 1,000 ரூபாய். எனக்கு அந்த ஆயிரம் ரூபாய் கவலை இல்லை. பின் சீட்டில் உட்காரப் போவது அம்மா.

அரை மணி நேரம் கூடுதலாக ஆனது. பையன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். அக்கா குழந்தைக்கு சைல்டு சீட் மாட்டும் இரும்பு வளையங்களும் கவருக்குள் புதைந்திருந்தன. அதையும் சேர்த்து வெளியே கொண்டுவர வைத்தேன்.

இன்னொரு கடையில் சீட் கவர் வாங்கினால் சின்னதாக ஒரு பொருள் இலவசம் என்றார்கள். கார் கம்பெனிகளின் முத்திரை போட்டு, வளையல்போலக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பெல்ட் போடாமலேயே பக்கிளில் செருகிவிட்டால் 'டிங் டிங்' சத்தம் நின்றுவிடும் கிளிப். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை விற்ற 5 இணைய வணிக நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்து, 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. ஏர்பேக்குக்கு 'எஸ்.ஆர்.எஸ்' என்று பெயர். அதன் பொருளே பெல்ட்டுக்குத் துணையாக இருப்பது என்பதுதான். பெல்ட் பிடித்து நிறுத்தாத உடம்பு, விரிந்துகொண்டிருக்கும் பையின் மேலேயே போய் விழும். அப்பா அந்தக் கிளிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எங்க பழைய முதலாளி வண்டியில இது இருந்துச்சு. காசு கொடுத்து சாவுறதுக்கு வாங்கறதுய்யா இது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஓட்டுபவருக்குத் தெரிந்தவை

எல்லாவற்றையும் நான்தான் தடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். லிஸ்ட்டில் பாதியை அடித்தது அப்பாவே.

ஸ்டீயரிங் கவரை மாட்டிக் காட்டினார்கள். அவர் வண்டியில் ஏறி, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, துணி பிழிவது மாதிரி ஒரு முறுக்கு முறுக்கினார். கவர் அரை அங்குலம் நகர்ந்தது. "வேணாம் தம்பி." அவ்வளவுதான். வியர்த்த கையோடு ஒரு வளைவில் திரும்பும்போது கவர் மட்டும் சுற்றி, ஸ்டீயரிங் சுற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதை அவருக்கு எந்தக் கையேடும் சொல்லித்தர வேண்டியதில்லை.

7டி மேட் விஷயத்திலும் அப்படித்தான். தரை முழுவதும் லெதர் மாதிரி ஒரு விரிப்பை வெட்டி ஒட்டிவிடுவார்கள். பார்க்க நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருக்கும், துடைக்கவும் சுலபம். ஆனால் அதை ஒட்ட வேண்டுமென்றால் முன் சீட்டுகளைக் கழற்ற வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் ஒன்று இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போகிற வயர் அது. பேட்டரியைத் துண்டிக்காமல் அதைப் பிடுங்குவது, பிடுங்கிய நிலையில் சாவியைத் திருகுவது, திரும்ப மாட்டும்போது சரியாக அழுத்தாமல் விடுவது என்று தெருவோர அவசரத்தில் எதுவும் நடக்கலாம். பக்கத்துக் கடை வாசலில் ஒரு காருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. சாவியைத் திருகியதும் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் மோதும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம். "ஓட ஓட சரியாயிடும்" என்று அந்த வண்டிக்காரரிடம் யாரோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட ஓட அது சரியாகாது.

அப்பாவின் காரணம் இன்னும் எளிமையானது. "டிசம்பர்ல தண்ணி உள்ள வந்தா, அதுக்கு அடியில போயி உக்காந்துக்கும். ஆறு மாசத்துக்கு நாறும்." வெள்ளத்தில் மாட்டிய எத்தனை வண்டிகளைக் காயவைத்தவர்!

அதற்குப் பதில் சாதாரண ரப்பர் மேட் வாங்கினோம். வாங்கும்போது ஒன்றை மட்டும் பார்த்தோம். தரையில் கம்பெனி வைத்திருக்கும் கொக்கியில் மேட்டின் ஓட்டை சரியாக மாட்டுகிறதா என்று. சின்ன விஷயமாகத் தெரியலாம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு லெக்சஸ் கார் நிற்காமல் பாய்ந்து 4 பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான மேட்டைப் போட்டிருந்ததில் ஆக்ஸிலரேட்டர் பெடல் அதில் சிக்கியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வருடமே டொயோட்டா நிறுவனம் மேட் பிரச்னைக்காக அங்கே சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நம் ஊரில் பழைய மேட்டின் மேலேயே புது மேட்டைப் போடும் பழக்கம் உண்டு. டிரைவர் பக்கம் மட்டுமாவது அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் பாட்டிலை அந்தப் பக்கம் கீழே வைப்பதையும்தான். பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டுபோன பாட்டிலைப் பற்றி அப்பாவிடம் ஒரு திண்டிவனம் கதை இருக்கிறது. அதை அவர் வாயால் கேட்டால்தான் நன்றாக இருக்கும்.

கூலிங் ஃபிலிமில் பேச்சு சீக்கிரமே முடிந்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவிகிதம், பக்கவாட்டில் 50 சதவிகிதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. விதிகள் திருத்தப்பட்ட பிறகு, இந்த அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. கடைக்காரர் இந்த இரண்டாவது செய்தியை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தார். "கேரளா தீர்ப்பு இருக்கு சார்!" அப்பா, "தம்பி, என்னை நிறுத்தப் போறது ஸ்பென்சர் சிக்னல் போலீசு" என்றார்.

நீல லைட்டை அவரால் விட முடியவில்லை. ஸ்டீரியோ வயரைச் சுரண்டி அதில் முறுக்கி, டேப் சுற்றி லைட்டுக்கு கரன்ட் எடுப்பதுதான் வழக்கமான முறை. ஃபியூஸ் இல்லாமல் இப்படி இழுத்த வயர் எங்காவது தேய்ந்து உரசினால் தீப்பிடிக்கும். வயரை வெட்டினால் வாரன்ட்டியும் சிக்கலாகும். பல்லாவரத்தைத் தாண்டி ராத்திரியில் போகும்போது உள்ளே எரியும் லைட் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, எதிரே குறுக்கிடும் சைக்கிளை மறைக்கும் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் நீலம் வேண்டும். கடைசியில் சார்ஜர் பாயின்ட்டில் செருகி, கால் பக்கம் மட்டும் எரியும் ஒரு சின்ன லைட் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. நிறுத்தியிருக்கும்போது போட்டுப் பார்த்து ரசிக்கிறார். ஓட்டும்போது பிடுங்கிவிடுகிறார்.

தலையாட்டும் நாய் இப்போது எங்கள் வீட்டு டி.வி-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபேன் காற்றுக்கு ஆடுகிறது.

மஞ்சள் துணிக்குள் இருந்தது

மிச்சம் இருந்தது வேல்.

அது கடையில் வாங்குவதற்காக லிஸ்ட்டில் எழுதியது இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருப்பது. 2003-ல் ஒரு குடும்பத்தைப் பழனிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர்கள் மலையேறிய நேரத்தில் அடிவாரக் கடையில் அப்பா வாங்கிய பித்தளை வேல். ஒரு சாண் உயரம், கீழே தட்டையான பீடம். சொந்த வண்டி வாங்கினால் அதில் வைக்க வேண்டும் என்று மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தார். 20 வருடத்துக்கும் மேல். டெலிவரி எடுத்த அன்று சென்ட்ரல் பக்கம் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டபோது, அந்த வேல்தான் பானெட் மேல் இருந்தது. ஜி.பி. ரோட்டில் அதை டேஷ்போர்டில் டபுள் டேப் போட்டு ஒட்ட வேண்டும் என்பது திட்டம். ஒட்டும் இடமும் முடிவாகியிருந்தது. இடது பக்கம், அம்மாவோ நானோ முன்னால் உட்கார்ந்தால் எங்களுக்கு நேராக.

அந்த இடத்தில் பிளாஸ்டிக்குக்கு அடியில் பக்கத்து சீட்டின் ஏர்பேக் இருக்கிறது. அது விரியும் வேகம் மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். மூடியின்மேல் என்ன இருக்கிறதோ அதுவும் அந்த வேகத்தில் கிளம்பும். 2022-ல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்டீயரிங் நடுவில் அழகுக்காக ஒட்டிய, கல் பதித்த ஒரு சின்ன முத்திரை, விபத்தில் ஏர்பேக் விரிந்தபோது பெயர்ந்து வந்து தாக்கியதில் டிரைவர் ஒரு கண்ணில் பார்வையை இழந்தார் என்று. அது வெறும் ஸ்டிக்கர் மாதிரி ஒரு பொருள். இது பித்தளை. முனை வேறு.

ஒரு சாமி விஷயத்தை இப்படி எப்படிச் சொல்வது? சொன்னேன். மூர்த்தி எது, கீர்த்தி எது என்று எதற்குள்ளும் போகவில்லை. அந்த மூடியின் விளிம்பை மட்டும் அவர் விரலால் தடவிப் பார்க்க வைத்தேன். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் மெல்லிய கோடு.

"அப்ப நடுவுல வைக்கலாம்ல?" என்றார்.

நடுவில் ஏர்பேக் இல்லை. ஆனால் டபுள் டேப்பின் பசை வெயிலில் இளகிவிடும். 50-ல் போகும் வண்டி சட்டென்று நின்றால், ஒட்டாத எதுவும் 50-லேயே பயணத்தைத் தொடரும். இதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். சொந்தக் காரில் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அம்மா, "சாமிய எங்க வெக்கணும்னு நீ சொல்லுவியா?" என்று கேட்டார். இந்தத் தடவை அது கிண்டல் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாள் வீட்டில் கார் பேச்சே இல்லை. இத்தனைக்கும் எனக்கு முருகன்மேல் எந்த வருத்தமும் இல்லை. அந்த வேல் 20 வருடம் பீரோவில் காத்திருந்தது எனக்கும் தெரியும். அது ஒரு நாள் அம்மாவின் முகத்தை நோக்கிக் கிளம்பக் கூடாது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அப்பா காருக்குள் உட்கார்ந்திருந்தார். டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, கையேட்டையும் இன்ஷூரன்ஸ் பேப்பரையும் பின் சீட்டுப் பைக்கு மாற்றியிருந்தார். பெட்டியின் அடியில் பஞ்சு வைத்து, மஞ்சள் துணியை விரித்து, வேலைப் படுக்க வைத்து, பக்கத்தில் விபூதிப் பொட்டலம். மூடியை அழுத்திச் சாத்தினார். இழுத்துப் பார்த்தார். திறந்துகொள்ளவில்லை. வலது பக்க ஏசி துவாரத்துக்குக் கீழே, அவர் முழங்காலுக்கு நேராக, ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு வேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அதை எங்கே வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. காலையில் வண்டியை எடுக்கும் முன் பெட்டியைத் திறந்து கும்பிட்டுவிட்டு மூடுகிறார்.

"கருவறைக்குக் கதவு இருக்கும்ல" என்று அம்மாவிடம் விளக்கம் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தோன்றவே தோன்றாத வாதம்.

அடுத்த முகூர்த்தத்தில் காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணம். அம்மா பின் சீட்டில் ஏறி, பட்டுப்புடவை கசங்கும் என்று புலம்பியபடியே பெல்ட்டை இழுத்தார். பக்கிள் தேடாமலேயே கையில் மாட்டியது. கல்யாண மண்டப வாசலில் அப்பாவின் பழைய டிரைவர் நண்பர்கள் இரண்டு பேர் காரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சீட் கவரத் தவிர ஒண்ணுமே பண்ணலயா? இதுவும் ஓரத்துல கிழிஞ்சிருக்கே!" என்றார்.

அப்பா கதவை அகலமாகத் திறந்து, அவர் கையைப் பிடித்து அந்த ஓரத்தில் வைத்தார்.

"கிழியலப்பா. இங்க வா, காட்டறேன்."